ஒரு புள்ளிக்கு வந்து சேர்ந்த இரண்டு வழிகள்: 2023 ரக்பி உலகக் கோப்பை

2023 அக்டோபர் 28, பாரிஸ் நகரை ஒட்டியுள்ள ஸ்டாட் து ஃபிரான்ஸ் மைதானம். இறுதி ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடம். தரையில் பந்துக்காக நடந்த மல்லுக்கட்டில், நியூசிலாந்தின் ஷானன் ஃப்ரிசெல் தன் முழு உடல் எடையோடு தென்னாப்பிரிக்காவின் போங்கி ம்போனாம்பி காலின் மேல் விழுந்தார். ஃப்ரிசெலுக்கு மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. ம்போனாம்பி நொண்டியபடி போனவர் திரும்பி வரவில்லை. அந்தத் தவறுக்குக் கிடைத்த பெனால்டியை ஹான்ட்ரே பொலார்ட் கம்பங்களுக்கு நடுவே உதைத்தார். 3–0.

இந்தியாவில் அப்போது நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் யாரோ அடிபட்டுப் போகிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு அணிகளின் எல்லா ஆட்டங்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: ஏழு வாரமாக இரு அணிகளும் சுமந்து வந்த இரண்டு பிரச்சினைகள் அந்த இரண்டாவது நிமிடத்தில் ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன. நியூசிலாந்தின் பிரச்சினை அட்டை. தென்னாப்பிரிக்காவின் பிரச்சினை, அணியில் ஒரே ஒரு முழுநேர ஹூக்கர் மட்டும் இருந்தது. ஆட்டம் 12–11 என்று தென்னாப்பிரிக்காவின் பக்கம் முடிந்தது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடினால் இறுதி ஆட்டத்துக்கு வெகு முன்னால் போக வேண்டியிருக்கிறது.

ரக்பி அதிகம் பார்க்காதவர்களுக்குக் கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ‘கன்வெர்ஷன்’ 2. எதிரணி செய்த தவறுக்காக உதைக்கும் பெனால்டி 3. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலும் 3. ஹூக்கர் என்பவர் ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியிலும் தலா எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, முன்வரிசையின் நடுவில் நிற்பவர். பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் நடக்கும் லைன்அவுட்டில் பந்தை எறிகிறவரும் பெரும்பாலும் அவரே. உயரத்தில் தூக்கி நிறுத்தப்பட்ட சக ஆட்டக்காரரின் கைக்கு, அவர் எழும்பி நிற்கும் அந்த நொடியில் பந்து போய்ச் சேர வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியில் வருகிற கை அது. வேறு இடத்தில் ஆடுகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தி எறியச் சொல்கிற காரியம் இல்லை.

குலுக்கல் செய்த வேலை

முதலில் குலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிவுகளுக்கான குலுக்கல் 2020 டிசம்பரிலேயே பாரிஸில் நடந்துவிட்டது. அதற்குப் பயன்படுத்திய தரவரிசை 2020 ஜனவரி 1 நிலவரம். போட்டி தொடங்கியது 2023 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் அணிகளின் பலம் தலைகீழானது. விளைவாக, போட்டி தொடங்கும்போது உலகின் முதல் ஐந்து இடங்களில் இருந்த அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ், நியூசிலாந்து, ஸ்காட்லாந்து ஐந்தும் முதல் இரண்டு பிரிவுகளுக்குள் அடைந்துகிடந்தன. அந்த இரு பிரிவுகளும் காலிறுதியில் ஒன்றோடொன்று மோத வேண்டும். அதாவது முதல் நான்கு அணிகளில் இரண்டு காலிறுதியிலேயே ஊருக்குப் போவது உறுதி. உலகக் கோப்பையின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டங்கள் காலிறுதியில் நடந்ததற்குக் காரணம் இதுதான். பார்த்தவர்களுக்கு விருந்து என்றாலும் ஆடியவர்களுக்கு நியாயம் இல்லை. 2027 போட்டிக்கான குலுக்கலைத் தொடக்கத்துக்கு இன்னும் நெருக்கமாக நடத்துவது என்று உலக ரக்பி அமைப்பு பின்னர் முடிவெடுத்தது. செய்ய வேண்டிய திருத்தம்தான்.

நியூசிலாந்து: அடிபட்டு எழுந்த அணி

ஆல் பிளாக்ஸ் என்றழைக்கப்படும் நியூசிலாந்து அணி இந்தப் போட்டிக்கு வந்தது தலைநிமிர்ந்த நிலையில் அல்ல. 2022-இல் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் தொடரை 2–1 என்று இழந்தார்கள். அதே ஆண்டு அர்ஜென்டினாவிடமும் முதன்முறையாகச் சொந்த மண்ணில் தோற்றார்கள். பயிற்சியாளர் இயன் ஃபாஸ்டருக்கு அடுத்து வரப்போவது ஸ்காட் ராபர்ட்சன் என்று 2023 மார்ச்சிலேயே, உலகக் கோப்பைக்கு ஆறு மாதம் முன்னதாக அறிவித்துவிட்டார்கள். வேலை போகப்போவது ஊருக்கே தெரிந்த நிலையில் ஃபாஸ்டர் அணியை நடத்தினார். நான் அவரை உயர்வாக நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆகஸ்ட் 25 அன்று லண்டன் ட்விக்கன்ஹாமில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா அவர்களை 35–7 என்று அடித்துத் தள்ளியது. நியூசிலாந்து ரக்பி வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. அந்த ஆட்டத்தில் ஸ்காட் பேரட் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கிச் சிவப்பு அட்டையோடு வெளியேறினார். இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 8-இல், தொடக்க ஆட்டத்தில் பிரான்ஸ் 27–13 என்று வென்றது. உலகக் கோப்பையின் பிரிவு ஆட்டங்களில் நியூசிலாந்து அதுவரை தோற்றதே கிடையாது. அங்கேயும் வில் ஜோர்டனுக்கு ஒரு மஞ்சள் அட்டை. கேப்டன் சாம் கேன் முதுகு வலியால் கடைசி நேரத்தில் விலகியிருந்தார்.

அடுத்த மூன்று ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: நமீபியாவை 71–3, இத்தாலியை 96–17, உருகுவேயை 73–0. ஆனால் நமீபியாவை நொறுக்கிய அந்த ஆட்டத்திலும் ஈதன் டி க்ரூட் சிவப்பு அட்டை வாங்கினார். முதலில் மஞ்சள் காட்டப்பட்டு, பிறகு அது சிவப்பாக உயர்த்தப்பட்டது. உலகக் கோப்பையில் அந்த முறை வந்தது இதுவே முதல் தடவை. களத்தில் நடுவர் மஞ்சள் காட்டி அனுப்புவார். ‘பங்கர்’ என்ற தனி அறையில் உட்கார்ந்திருக்கும் நடுவர் எட்டு நிமிடத்துக்குள் காட்சியை அலசி, மஞ்சளாகவே விடுவதா, சிவப்பாக்குவதா என்று சொல்வார். தலையில் படுகிற தடுப்புகளில் இனி சலுகை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

அக்டோபர் 14, காலிறுதி. எதிரே தொடர்ச்சியாக 17 ஆட்டங்கள் வென்று வந்த அயர்லாந்து, உலகின் முதலிடம். நியூசிலாந்து 13–0 என்று முந்தியது. முதல் பாதி முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஆரன் ஸ்மித் பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டு மஞ்சள் அட்டை வாங்கினார். அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது அயர்லாந்து ட்ரை போட்டது. இடைவேளையில் 18–17. இரண்டாம் பாதியில் ரிச்சி மோவுங்கா நடுக்கோட்டருகே லைன்அவுட்டிலிருந்து வந்த பந்தை வாங்கி இடைவெளியில் புகுந்து ஓட, வில் ஜோர்டன் முடித்தார். பிறகு கோடி டெய்லருக்கு மஞ்சள், அதோடு அயர்லாந்துக்குப் பெனால்டி ட்ரையாக (தவறு செய்து தடுத்த ட்ரைக்கு நடுவரே நேரடியாகத் தருவது) ஏழு புள்ளி. நியூசிலாந்து வாங்கிய இரண்டு அட்டைகளும் அயர்லாந்துக்குப் புள்ளியாக மாறின.

28–24. எட்டு நிமிடம்தான் இருக்கும். அயர்லாந்தின் ரோனன் கெல்லஹர் கோட்டைத் தாண்டிவிட்டார். பந்தைத் தரையில் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவருக்கும் தரைக்கும் நடுவில் ஜோர்டி பேரட் தன் உடலைக் கொடுத்துப் பந்து தரையைத் தொடாமல் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடைசித் தாக்குதல். அயர்லாந்து பந்தைக் கையைவிட்டு விடாமல் 37 கட்டங்கள் ஆடியது. ஒருவர் ஓடி விழுவார், பந்து எடுக்கப்படும், அடுத்தவர் ஓடுவார். இப்படி 37 முறை. நியூசிலாந்துக்காரர்கள் 37 முறையும் தவறு செய்யாமல் எழுந்து வரிசையில் நின்றார்கள். கடைசியில், 35 வயதான சாம் வைட்லாக் குனிந்து பந்தின் மேல் கை வைத்துப் பெனால்டி வாங்கினார். அதோடு ஆட்டம் முடிந்தது, அயர்லாந்து கேப்டன் ஜானி செக்ஸ்டனின் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அயர்லாந்து இன்று வரை உலகக் கோப்பைக் காலிறுதியைத் தாண்டியதில்லை.

அந்த ஐந்து நிமிடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒழுங்கு தவறுகிற அணி என்று பெயர் வாங்கியவர்கள், ஒரே ஒரு பெனால்டி கொடுத்தாலும் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. தடுக்கத் தெரியாததால் வந்த அட்டைகள் இல்லை அவை என்பது அங்கே புரிந்தது. அவசரப்படுகிற ஒரு நொடியில் வந்தவை.

அரையிறுதியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அர்ஜென்டினாவுக்கு எதிராக 44–6. வில் ஜோர்டன் மூன்று ட்ரை போட்டு, ஒரே உலகக் கோப்பையில் எட்டு ட்ரை என்ற சாதனையைச் சமன் செய்தார். அந்த ஆட்டத்திலும் ஸ்காட் பேரட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தென்னாப்பிரிக்கா: ஹூக்கரைக் கொடுத்து உதைப்பவரை வாங்கிய கதை

ஸ்பிரிங்பாக்ஸ் என்றழைக்கப்படும் தென்னாப்பிரிக்க அணிக்குத் தொடக்கத்தில் இருந்த குறை வேறு. ஸ்காட்லாந்தை 18–3 என்று வென்ற முதல் ஆட்டத்துக்குப் பிறகு, உலகின் தலைசிறந்த ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் முழங்காலில் அடிபட்டுப் போட்டியிலிருந்தே விலகினார். விதிப்படி அவருக்குப் பதிலாக ஒருவரை அழைக்கலாம். எந்தப் பயிற்சியாளரும் இன்னொரு ஹூக்கரைத்தான் அழைப்பார். அணியை நடத்திய ஜாக் நினாபரும் ராசி எராஸ்மஸும் அழைத்தது ஹான்ட்ரே பொலார்டை. 2019 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 22 புள்ளி உதைத்தவர், கெண்டைக்கால் காயத்தால் முதல் பட்டியலில் இடம் பெறாதவர்.

இனி ம்போனாம்பி ஒருவரே முழுநேர ஹூக்கர். அவருக்கு ஏதாவது ஆனால் டியோன் ஃபூரி. இவர் முந்தைய காலத்தில் ஹூக்கராக ஆடியவர், பிறகு ஸ்க்ரம்மின் பின்வரிசைக்கு மாறியவர். 2022-இல் 35 வயதில்தான் நாட்டுக்காக முதன்முறை ஆடினார், அந்த வகையில் ஸ்பிரிங்பாக்ஸில் மிக மூத்த அறிமுக வீரர்.

இந்த முடிவு சரியா என்ற கேள்விக்கு ஒரு வாரத்தில் பாதி பதில் கிடைத்தது. ருமேனியாவை 76–0 என்று வென்ற பிறகு, செப்டம்பர் 23-இல் அயர்லாந்திடம் 13–8 என்று தோற்றார்கள். மானி லிபோக்கும் ஃபாஃப் டி கிளர்க்கும் சேர்ந்து தவறவிட்ட உதைகளின் மதிப்பு 11 புள்ளி. தோற்ற வித்தியாசம் ஐந்து. லிபோக் ஓடி ஆடுவதிலும் பந்து கொடுப்பதிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. கம்பத்துக்கு உதைப்பதில் மட்டும் நம்ப முடியாத நிலை. டோங்காவுக்கு எதிராக (49–18) பொலார்ட் மீண்டும் களம் இறங்கினார்.

இன்னொரு விஷயம், மாற்று ஆட்டக்காரர்கள். எட்டுப் பேர் வெளியே இருப்பார்கள். வழக்கமாக ஸ்க்ரம்மில் நெரிக்கும் முன்னணிக்காரர்கள் (ஃபார்வர்டு) ஐந்து பேர், ஸ்க்ரம்முக்கு வெளியே ஆடும் பின்னணிக்காரர்கள் (பேக்) மூன்று பேர். அயர்லாந்துக்கு எதிராக ஸ்பிரிங்பாக்ஸ் ஏழுக்கு ஒன்று என்று வைத்தார்கள். இரண்டாம் பாதியில் எதிரணி களைத்து நிற்கும்போது ஏறக்குறைய முழு முன்னணியையே புதிதாக இறக்கி ஸ்க்ரம்மில் நெரிப்பது அவர்கள் கணக்கு. பின்னணிக்காரர்களில் இருவர் அடிபட்டால் கதி என்ன என்ற ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார்கள்.

அக்டோபர் 15, காலிறுதி, பிரான்ஸ். போட்டியை நடத்தும் நாடு, கன்ன எலும்பு முறிந்து தேறித் திரும்பிய அதன் கேப்டன் அந்துவான் துபோன், காது அடைக்கும் கூச்சல். இடைவேளையில் பிரான்ஸ் 22–19 முன்னிலை. இந்த ஆட்டத்தில் எல்லோர் நினைவிலும் நிற்பது ஒரு நொடி. முதல் பாதியில் பிரான்ஸ் இரண்டாவது ட்ரை போட்ட பிறகு தோமா ராமோஸ் கன்வெர்ஷனுக்கு நின்றார். விதிப்படி, உதைப்பவர் ஓட அசைந்த கணத்திலிருந்து எதிரணி ஓடி வந்து தடுக்கலாம். பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. ஓடினாலும் பேருக்கு ஓடுவார்கள். செஸ்லின் கோல்பி, களத்தின் மிகச் சிறிய உருவங்களில் ஒருவர், கோட்டிலிருந்து அம்பு போலப் பாய்ந்து பந்து எழும்பும்போதே கையால் தட்டினார். இரண்டு புள்ளி போனது. அவர் முன்கூட்டியே ஓடிவிட்டார் என்று பிரான்ஸ் ரசிகர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். நடுவர் ஏற்றுக்கொண்டார். ஆட்டம் 29–28 என்று முடிந்தது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் உள்ளே வந்த பொலார்ட், 67-ஆம் நிமிடம் எபென் எட்ஸெபெத் போட்ட ட்ரையைக் கன்வெர்ட் செய்து, அதை அடுத்து ஒரு பெனால்டியும் உதைத்தார்.

ஒரு வாரம் கழித்து மழையில் இங்கிலாந்து. யாரும் எதிர்பாராத இங்கிலாந்து. பந்தை வானத்துக்கு உதைத்து, அதன் கீழே போய் நின்று, ஓவன் ஃபாரலின் காலால் புள்ளி சேர்த்தார்கள்: நான்கு பெனால்டி, ஒரு டிராப் கோல். 31-ஆவது நிமிடத்திலேயே லிபோக்கை வெளியே எடுத்துப் பொலார்டை இறக்கினார் நினாபர். இளைஞர் ஒருவரை முதல் பாதியிலேயே வெளியே கூப்பிடுவது கொடுமைதான். ஆனாலும் அந்த இரவில் அதுதான் சரி. 69-ஆம் நிமிடம் வரை 15–6. ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை போட, பொலார்ட் கன்வெர்ட் செய்ய, 15–13. பிறகு மாற்று ஆட்டக்காரராக வந்த ஆக்ஸ் என்சே ஸ்க்ரம்மில் இங்கிலாந்தை மடக்கிப் பெனால்டி வாங்கித் தந்தார். களைத்த எதிரணியின் மேல் புதிய ஆட்களை இறக்கும் கணக்கின் பலன் அதுதான். ஈரமான புல், நடுக்கோட்டுப் பக்கம், ஏறத்தாழ 49 மீட்டர், முடிய இரண்டு மூன்று நிமிடம். பொலார்ட் உதைத்தார். 16–15.

மார்க்ஸ் இடத்தில் இன்னொரு ஹூக்கர் வந்திருந்தால் அந்த உதையை யார் உதைத்திருப்பார்?

இறுதி

வழி என்று பார்த்தால் நியூசிலாந்துக்கு வசதி கூடுதல். வெள்ளிக்கிழமை அரையிறுதி, அதுவும் எளிதான வெற்றி. தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு நாள் ஓய்வு குறைவு, இரண்டு ஆட்டங்களில் உடம்பைப் பிழிந்துவிட்டு வந்திருந்தார்கள். அப்படியும் மாற்று வரிசை ஏழுக்கு ஒன்றே. இரண்டு நாடுகளும் தலா மூன்று கோப்பை வைத்திருந்தன. இறுதியில் இவை மோதுவது 1995 ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பிறகு முதல் முறை.

இரண்டாவது நிமிடத்தில் நடந்ததை மேலே சொன்னேன். ஒரே ஹூக்கர் போய்விட்டார். மீதி ஆட்டம் முழுக்க 37 வயது ஃபூரிதான் எறிந்தார். தென்னாப்பிரிக்காவின் லைன்அவுட் அந்த இரவு ஆட்டம் கண்டது. எறிந்த பந்துகள் நியூசிலாந்தின் கைக்குப் போயின. இதுதான் பொலார்டுக்காகக் கொடுத்த விலை. அதே நேரத்தில் பொலார்ட் 3, 13, 19, 34 என்று நான்கு நிமிடங்களில் நான்கு பெனால்டி உதைத்தார். தென்னாப்பிரிக்காவின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை. கொடுத்ததையும் வாங்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு ஆட்டம் வேறு கிடைக்காது.

28-ஆவது நிமிடம் வாக்கில், 9–3 இருக்கையில், சாம் கேன் நிமிர்ந்த உடம்போடு ஜெஸ்ஸி கிரியலைத் தடுத்தார். தோள் தலையில் பட்டது. மஞ்சள். பங்கர் அறை அதைச் சிவப்பாக்கியது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெளியேற்றப்பட்ட முதல் ஆட்டக்காரர், அதுவும் கேப்டன். இரண்டாம் பாதியில் சியா கோலிசி ஆர்டி சவேயாவின் தலையில் மோதியதற்கு மஞ்சளோடு நின்றது. நியூசிலாந்தில் இன்னும் ஆறாத புண் இது. எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. கேன் இடுப்பை வளைக்கவே இல்லை. வேகமும் கூடுதல். ஆனால் ட்விக்கன்ஹாம் முதல் இத்தனை அட்டைகளைப் பார்த்த பிறகும் அந்த அணி தடுக்கும் உயரத்தை மாற்றிக்கொள்ளவில்லையே என்பது என் ஆதங்கம்.

அதன் பிறகு பதினான்கு பேரோடு நியூசிலாந்து ஆடியதுதான் அந்த இரவின் பெரிய ஆட்டம். கேன் போன பிறகு தென்னாப்பிரிக்கா எடுத்தது மூன்று புள்ளி, நியூசிலாந்து எடுத்தது எட்டு. ஆரன் ஸ்மித் போட்ட ட்ரை, அதற்கு முன்பு லைன்அவுட்டில் பந்து கை தவறி முன்னால் விழுந்ததால் நீக்கப்பட்டது. 58-ஆம் நிமிடம் மார்க் டெலியா தடுப்பவர்களைப் பிய்த்துக்கொண்டு போக, போடன் பேரட் ட்ரை போட்டார். 2015 இறுதியிலும் போட்டவர் அவர். இரண்டு இறுதிகளில் ட்ரை போட்ட முதல் ஆள். ஓரத்திலிருந்து மோவுங்கா உதைத்த கன்வெர்ஷன் விலகிப் போனது. 12–11.

தென்னாப்பிரிக்கா இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தடுத்தது, அவ்வளவுதான். பீட்டர்-ஸ்டெஃப் டு டோய் மட்டும் 28 முறை ஆட்களை மடக்கி வீழ்த்தினார். ஜோர்டி பேரட்டின் கால்களைக் கட்டிக்கொண்டு அவர் விழுவதும், அடுத்த நொடி எழுந்து மறுபடி வரிசையில் நிற்பதும் திரும்பத் திரும்ப நடந்தது. காலிறுதியிலிருந்து கூட்டினால் ஸ்பிரிங்பாக்ஸ் எடுத்தது 57 புள்ளி, கொடுத்தது 54. மூன்று ஆட்டம், மூன்று புள்ளி.

73-ஆம் நிமிடம், காலிறுதியில் கையால் அணியைக் காப்பாற்றிய கோல்பி அதே கையால் பந்தை முன்னால் தட்டினார். வேண்டுமென்றே செய்தது என்று நடுவர் வேய்ன் பார்ன்ஸ் மஞ்சள் காட்டினார். ஏழு நிமிடம் மிச்சம், இனி அவர் உள்ளே வர முடியாது. கிடைத்த பெனால்டியை ஏறத்தாழ 50 மீட்டரிலிருந்து ஜோர்டி பேரட் உதைத்தார். பந்து வலப்பக்கம் விலகியது. கோல்பி இருக்கையில் உட்கார்ந்து, போட்டிருந்த பச்சைச் சட்டையை மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். களத்தில் என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. சட்டைக்குள் முகத்தை வைத்தபடியே, சுற்றியிருந்த கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு விசில் வரை அப்படியே இருந்தார்.